அரைக்கட்டை ஏறிய கேசட்

கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் பாடிய கேசட் ஒன்றை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் அண்ணனுக்குக் கொடுத்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடி அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கி, ஸ்பீக்கர் பெட்டிகளைத் தன் கையால் மரம் இழைத்துச் செய்து வைத்திருப்பவர். அவர் காதுக்கு இந்தக் குரல் விருந்தாக இருக்கும் என்று நம்பினேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல பாட்டுத்தான் டீச்சர். ஆனால் நீங்கள் சொன்ன அளவுக்கு ஒன்றும் தெரியவில்லையே. எல்லாரையும் போலத்தானே பாடுகிறார்?" என்றார்.

எம்.டி.ஆரைக் கேட்டவர்களுக்கு என் திகைப்பு புரியும். 1923-இல் பாலக்காட்டுப் பக்கம் மஞ்ஞப்பரையில் பிறந்தவர், டைகர் வரதாச்சாரியாரின் சீடர். அவ்வளவு தாழ்ந்த சுருதியில், அவ்வளவு நிதானமாகப் பாடிய வித்வான்கள் அரிது. ஒரு வரியை எடுத்தால் அடுத்ததற்குப் போக அவருக்கு அவசரமே இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடுகிற மௌனத்தையும் சேர்த்துத்தான் அவர் பாட்டு. அந்த நிதானம் பிடிக்கவில்லை என்று அண்ணன் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். பிடிக்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எல்லாரையும் போல என்றதுதான் முள்ளாகத் தைத்தது.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம். கேரளம்தான், ஆனாலும் எங்கள் கடைத்தெருவில் தமிழ்தான் அதிகம் காதில் விழும். வேலந்தாவளம், கோபாலபுரம் சோதனைச்சாவடிகளைத் தாண்டினால் தமிழ்நாடு. தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கல்யாணம், காதுகுத்து, கோயில் நோன்பு என்று எது நடந்தாலும் பெட்டிகளோடு போய்விடுவார். அவர் விட்டுப்போன இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் கேசட்டுகளும்தான் என் முதல் சேமிப்பு. அதை வைத்துத்தான் இந்தக் கூட்டமே சேர்ந்தது. அண்ணன், சித்தூரில் ரேடியோ பழுதுபார்க்கும் சேட்டன், பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வரும் தென்னந்தோப்புக்கார நண்பர், ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்கும் ஓர் இளைஞன், என் தோழி, நான். ஆறு பேர். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு. ஆளுக்கு ஒன்று கொண்டுவருவோம், ஆளுக்கு ஒன்று எடுத்துப்போவோம்.

இத்தனை ஆண்டுகளில் நான் கொடுத்தவற்றில் பாதி கேட்கப்படாமலே திரும்பி வந்திருக்கின்றன. அந்தப் பாதியிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எம்.டி.ஆர். கேசட்டின் மர்மம் நான்கு மாதம் கழித்து அவிழ்ந்தது. அப்பாவின் குரல் பதிவான கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏதோ ஒரு கோயில் விழாவுக்கு முன்னால், மைக்கைச் சோதிக்கும்போது பதிவானது. எண்களைச் சொல்கிறார், யாரையோ ஏணி கொண்டுவரச் சொல்கிறார், இருமுகிறார். அதைக் கணினியில் ஏற்றித் தருவதாக அண்ணன் சொன்னதால் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். டெக்கில் போட்டதும் வந்த குரல் என் அப்பாவுடையதாக இல்லை. பத்து வயது குறைந்த ஒருவர், கொஞ்சம் பதற்றமாகப் பேசுவது போல இருந்தது. எம்.டி.ஆரின் சுருதி எனக்குத் தப்பலாம். என் அப்பாவின் இருமல் தப்பாது. "அண்ணா, உங்கள் டெக் வேகமாக ஓடுகிறது" என்றேன்.

சேட்டனிடம் சரிபார்த்த டெக் ஒன்று உண்டு. அதில் 3150 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு கேசட்டில் பதிவு செய்து தந்தார். அண்ணனின் டெக்கில் அதை ஓடவிட்டு, கைப்பேசியில் அலைவரிசை அளக்கும் செயலியை ஸ்பீக்கர் முன் பிடித்தோம். 3340 காட்டியது. அதாவது நூற்றுக்கு ஆறு வேகம் கூடுதல். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். அது ஆறு விழுக்காடு கூடினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் அதே அளவு விரைந்துவிடும். எம்.டி.ஆரின் இரண்டு பெருமைகளும், ஆழமும் நிதானமும், ஒரே நேரத்தில் களவு போயிருந்தன. மற்ற பாடகர்கள் அந்த டெக்கில் சற்றுத் துடிப்பாகக் கேட்டிருப்பார்கள். அதனால் அண்ணனுக்கு ஐயமே வரவில்லை.

பெரும்பாலான டெக்குகளில் மோட்டாரின் பின்பக்கம் சிறு துளை இருக்கும். அதற்குள் உள்ள திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருப்பினால் வேகம் மாறும். சேட்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். 3150-க்கு வந்தது. அப்படியே நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியின் சாய்வையும் சரிசெய்தார். அது சற்றுக் கோணலாக இருந்தாலே தாளக்கட்டின் கூர்மையும் வயலினின் நுனியும் போர்வைக்குள் போய்விடும். பிறகு எம்.டி.ஆரைப் போட்டோம். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து அவரே மறுபக்கம் திருப்பினார். கீழே சமையலறையில் இருந்த அண்ணி படியேறி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து, யாருக்கும் எதையும் கொடுக்கும் முன் அவர் எதில் கேட்கிறார் என்பதை ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிடுகிறேன். நம் ரசனையும் அவர் ரசனையும் வேறு என்று முடிவுகட்டுவதற்கு முன், நாம் கேட்டதும் அவர் கேட்டதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இணையத்தில் கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். பழைய கச்சேரி நாடாக்களைத் தவறான வேகத்தில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றியவை ஏராளம். ஒரே கச்சேரி இரண்டு இடத்தில் கிடைத்தால் இரண்டையும் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். எது உண்மை என்று தெரியாவிட்டால்கூட, இரண்டில் ஒன்று பொய் என்பதாவது தெரிந்துவிடும்.

கைப்பேசியில் பாட்டை அனுப்பிவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். சுருக்கிச் சுருக்கி அனுப்பிய கோப்பில் முதலில் சாவது தம்புரா. அதன் ஜீவாவிலிருந்து, அதாவது தந்திக்கு அடியில் வைக்கும் நூலிலிருந்து, எழும் மெல்லிய ரீங்காரம் தண்ணீருக்குள் ஒலிப்பது போலக் குழம்பிவிடும். தம்புரா கெட்ட பிறகு கர்நாடக சங்கீதத்தை ஒருவருக்குப் பரிந்துரைப்பது, உப்பில்லாமல் சமைத்துவிட்டு ருசி எப்படி என்று கேட்பது போன்றது.

அப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு இசைத்தட்டின் உறையிலும் பென்சிலால் நேரத்தை எழுதி வைப்பார். "விடியல்", "பெண் அழைப்பு", "பந்தி", "எல்லாரும் கிளம்பும்போது". பாட்டின் பெயரோ ராகமோ இருக்காது, அது உறையிலேயே அச்சாகி இருக்கிறது. அவர் எழுதியது எப்போது போடுவது என்பதை மட்டும். கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னையில் கட்டி ஊருக்கே பாட்டுப் போட்டவருக்கு, ஒரே இசைத்தட்டு விடியலில் ஒன்றாகவும் பந்தியில் வேறொன்றாகவும் கேட்கும் என்று தெரிந்திருக்கிறது. சிறுவயதில் அது தொழில் குறிப்பு என்று நினைத்தேன். பரிந்துரை என்றால் என்ன என்று அதைவிடச் சுருக்கமாக எங்கும் நான் படித்ததில்லை.

இப்போது நானும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வைக்கிறேன். எந்தப் பக்கம், எந்தப் பாட்டு, எப்போது. மூன்றே செய்தி. முழு ஆல்பத்தையும் கொடுத்து "கேட்டுப் பாருங்கள்" என்றால் யாரும் கேட்பதில்லை. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் போகும். வேலைக்குப் போகிற ஒருவரிடம் அந்த இருபது நிமிடத்தைக் கேட்பதே பெரிய காரியம். ஆகவே எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டிவிட வேண்டும். வாசலைக் காட்டினால் போதும், வீட்டுக்குள் அவர்களே நடந்துகொள்வார்கள்.

துண்டுச் சீட்டு நன்றாக வேலை செய்தது கே.வி. நாராயணசுவாமியின் இசைத்தட்டில். நன்சச் என்ற அமெரிக்க நிறுவனம் 1967-இல் எக்ஸ்புளோரர் என்று ஒரு வரிசையைத் தொடங்கியது. உலகின் பல மூலைகளின் இசையை மலிவு விலை இசைத்தட்டுகளாக அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுபோன வரிசை அது. அதில் வந்ததுதான் நாராயணசுவாமியின் 'தியானம்'. வயலின் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் பாலக்காடு ரகு. நாராயணசுவாமி 1923-இல் பாலக்காட்டில் பிறந்தவர், எம்.டி.ஆரின் அதே ஆண்டு. பாலக்காடு மணி ஐயரிடமும் பிறகு அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடமும் கற்றவர். ரகுவும் மணி ஐயரின் சீடர். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஊரின் பெயரைச் சுமந்த இருவர். அந்த இசைத்தட்டை என் தோழியின் மகன் அமெரிக்காவில் ஒரு பழைய தட்டுக் கடையிலிருந்து வாங்கிவந்தான். எங்கள் கூட்டத்தில் அதற்கு முன் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. சொந்த ஊரில் கேட்காத குரல் கடல் கடந்த ஊரின் கடை அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஹெட்ஃபோன் இளைஞனுக்குத்தான் அதை முதலில் கொடுத்தேன். கர்நாடக சங்கீதம் என்றாலே கோயில் ஒலிபெருக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தவன். குற்றம் அவனுடையதில்லை. இங்கே பலர் மிருதங்கத்தை மைக் செட் வழியாகவே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். தோலின் ஒலி எது, ஸ்பீக்கரின் ஒலி எது என்று பிரித்தறிய வாய்ப்பே கிடைத்ததில்லை. சீட்டில் இப்படி எழுதினேன்: "முதல் பாட்டு மட்டும். சத்தத்தை நீ வழக்கமாக வைப்பதில் பாதி வை. பாட்டைக் கவனிக்காதே, ரகுவின் இடது கையை மட்டும் கவனி." இடது பக்கத்தின் தொப்பியில் ரவை பூசி, கையை அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கி என்ற அந்த நாதம், சத்தம் அதிகமானால் வெறும் முழக்கமாகிவிடும். குறைத்து வைத்தால் அது பேசும். இளைஞன் மூன்றாம் நாளே வந்து, "டீச்சர், இடது கையைத்தான் கேட்கச் சொன்னீர்கள். அதை மறந்துவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியை விரும்பாதவர், மைக் இல்லாமல் வாசிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். அப்பா அவரைப் பற்றி மிகுந்த மரியாதையோடு பேசுவார். மைக் செட் வாடகையில் குடும்பம் நடத்திய ஒருவர், மைக் வேண்டாம் என்ற வித்வானைக் கொண்டாடியது எனக்கு அப்போது விளங்கவில்லை. தொப்பியின் ஒலியைப் பெட்டி வழியாகக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டாலும் வராது என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அடுத்தது ஒரு இழப்பின் கதை. அப்பாவின் பெட்டியில், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய நாதஸ்வரத் தட்டுகள் சில இருந்தன. ஒன்று தோடி ராகம். உறையில் "விடியல்" என்று எழுதியிருக்கும். பூஞ்சை பிடித்திருந்தது. கேசட் டெக்கின் தலையைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் தட்டைத் துடைத்தேன். பஞ்சு கருப்பானது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் வரிகள் மங்கி, மேல்பரப்பு மெழுகு பூசியது போலிருந்தது. முள்ளை வைத்தால் கரகரப்பைத் தவிர ஒன்றுமில்லை. அண்ணனிடம் காட்டினேன். அவர் தன் ஸ்பீக்கர் பெட்டியின் மினுமினுப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பாலிஷ் அரக்கு டீச்சர். அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைப்போம்." அந்தக் காலத்து 78 தட்டுகளும் அரக்கால் ஆனவை. என் கையாலேயே அந்தத் தோடியைக் கரைத்துத் துடைத்துவிட்டேன்.

பிறருக்கு அதே இழப்பு நேரக்கூடாது என்று சொல்கிறேன். 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, வரிகளின் போக்கிலேயே துடைத்து, நடுவிலுள்ள காகிதம் நனையாமல் உடனே உலர்த்தினால் போதும். அந்தத் தட்டுகளின் வரி அகலம், அவற்றுக்குத் தனி முள் வேண்டும். நெடுநேரத் தட்டின் மெல்லிய முள்ளை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உருண்டு தூசியைத்தான் வாசிக்கும். எல்லாத் தட்டுகளையும் நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்தால் நம் ஊர் வெயிலுக்கு வளைந்துவிடும்.

நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் தட்டு தப்பித்தது. அதைச் சேட்டனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது பெயரைக் கேட்டதும் அவர், "தெரியுமே, எஸ். ஜானகி பாடிய அந்தப் படப்பாட்டில் வாசித்தவர்தானே" என்றார். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் வந்த அந்தப் பாட்டை அறியாதவர் இல்லை. அதனாலேயே அவர் வாசித்த மற்றவை கேட்பாரற்றுப் போயின. 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்துவிட்ட ஒரு கலைஞருக்கு இருந்த காலமே கொஞ்சம். அதிலும் படப்பாட்டு ஒன்று மற்றதையெல்லாம் மூடிவிட்டது.

இதிலிருந்து நான் ஒரு வழியைப் பிடித்துக்கொண்டேன். கவனிக்கப்படாத இசையைத் தேடி எங்கோ இருட்டுக்குள் போக வேண்டியதில்லை. புகழ்பெற்ற ஒன்றின் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கை ஆக்கப்பட்ட அதை எங்கள் கூட்டத்தில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' இரண்டு பேரிடம்தான் இருந்தது. எனக்கு அது இன்னும் நெருக்கமானது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊரில் கதவுகளை நிற்கவிடாது. அந்தக் காற்றின் நடுவே அதைக் கேட்டவர்களுக்குத் தலைப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சக்தி என்ற இசைக்குழுவை விரும்பும் தென்னந்தோப்பு நண்பருக்கு, அக்குழுவின் வயலின் கலைஞர் எல். சங்கர் 1980-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காகத் தந்த 'ஹூஸ் டு நோ' கொடுத்தேன். உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கமும் ஜாகிர் உசேனின் தபலாவும் ஒரே தட்டில். ஒரு பக்கம் முழுக்க ராகம் தானம் பல்லவி. அவர் அதை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்கவும் போவதில்லை.

பிடிவாதமாகத் தோற்ற இடமும் ஒன்று உண்டு. 'மயில்பீலி' என்ற மலையாள பக்திக் கேசட். எண்பதுகளின் இறுதியில் கே.ஜே. யேசுதாஸின் தரங்கிணி நிறுவனம் வெளியிட்டது, கே.ஜி. ஜயன் இசை. எங்கள் பக்கம் மலையாள வீடுகளில் அது வாசல் விளக்கு போல. தமிழ் வீடுகளில் ஒருவரும் தொடமாட்டார்கள். ஒன்று, பக்திக் கேசட் என்றால் ஒலித்தரம் இருக்காது என்ற முன்முடிவு. இரண்டாவது, மலையாளம்தானே, கேட்டால் புரிந்துவிடும், அதில் என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம். எல்லையில் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய தடை. பாதி புரிகிற மொழியைப் போல ஏமாற்றுவது வேறொன்றில்லை.

தோப்பு நண்பருக்கு அதைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு வந்து, "செம்பையின் நாதம் நிலைத்தது என்று புகழ்கிறார்கள். நல்ல பாட்டு" என்றார். அங்கேதான் பிடிபட்டது. மலையாளத்தில் 'நிலச்சு' என்றால் நின்றுபோயிற்று. நம் 'நிலைத்தது' என்பதற்கு நேர் எதிர். கோட்டாயி அருகே செம்பை கிராமத்தில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதருக்கு 1952-இல் குரல் போய்விட்டது. குருவாயூரப்பனிடம் வேண்டிய பிறகு திரும்பி வந்தது என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. நாதம் நின்றபோது தன் சங்கையே எடுத்துக் கொடுத்தவன் என்று கண்ணனைப் பார்த்துப் பாடுகிறது பாட்டு. பாடிய யேசுதாஸ் செம்பையின் சீடர். இசையமைத்த ஜயனும் செம்பையிடம் கற்றவர். குரல் போன குருவைப் பற்றி இரண்டு சீடர்கள் சேர்ந்து செய்த பாட்டை, நண்பர் குருவின் புகழ்மாலையாகக் கேட்டிருக்கிறார். எழுதிய எஸ். ரமேசன் நாயர் கன்னியாகுமரி மாவட்டத்துக் குமாரபுரத்தில் பிறந்தவர், திருக்குறளை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர். நம் பக்கத்து மனிதர்.

தவறு என்னுடையது. அந்த ஒரு சொல்லைச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். வேற்று மொழிப் பாட்டைக் கொடுக்கும்போது முழுப் பொருளும் எழுதித் தர வேண்டியதில்லை. கேட்பவர் எந்தச் சொல்லில் வழுக்கி விழுவார் என்று யோசித்து அதை மட்டும் எழுதினால் போதும். நண்பருக்கு நான் விளக்கிச் சொன்னபோது கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் ஒருமுறை தவறாகக் கேட்ட பாட்டை மறுபடி முதல்முறை கேட்க முடியாது. அந்த முதல் கேட்டலை நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

இன்னும் சில வழக்கங்கள் கூடிவிட்டன. கொடுத்த மறுநாளே "கேட்டீர்களா" என்று கேட்பதில்லை, மூன்று வாரம் விடுகிறேன். அவசரப்படுத்தினால் மரியாதைக்காக ஒரு பொய் சொல்வார்கள், அதோடு அந்த இசையின் கதை முடிந்துவிடும். ஆகா ஓகோ என்று புகழ்ந்து கொடுப்பதையும் விட்டுவிட்டேன். அண்ணனிடம் எம்.டி.ஆரைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருந்தேன். டெக் சரியாக இருந்திருந்தால்கூட அந்தப் பேச்சுக்கு எந்தக் குரலும் ஈடுகொடுத்திருக்காது. பழைய ஒற்றைத்தட ஒலிப்பதிவுகளைக் கொடுக்கும்போது ஒரு ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒன்றில் மட்டும் கேட்கச் சொல்கிறேன். இரண்டு பெட்டிக்கும் நடுவே மிதக்கும் நாதஸ்வரத்தைவிட, ஒரே பெட்டிக்குள்ளிருந்து எழும் நாதஸ்வரத்துக்கு உடம்பு இருக்கிறது.

முக்கியமானது, ஒருவர் புதிதாக வாங்கிய ஸ்பீக்கரைச் சோதிக்க ஆல்பம் கேட்டால் நான் கொடுப்பதில்லை. அதற்கு வேறு தட்டுகள் இருக்கின்றன. கருவியைச் சோதிக்கக் கேட்கும் காது பாட்டைக் கேட்பதில்லை. அடியொலி வருகிறதா, நுனி தெளிவா என்று வேட்டையாடிக்கொண்டே இருக்கும். எம்.டி.ஆரின் குரல், அடியொலிக்கான ஸ்பீக்கரான ஊஃபரைச் சோதிக்க நல்ல குரல்தான். ஆனால் அந்த வழியாக அவருக்கு அறிமுகமான ஒருவர், பிறகு அவரை ஊஃபர் என்றே நினைவு வைத்திருப்பார். இதில் எங்கள் கூட்டத்திலேயே என்னோடு உடன்படாதவர்கள் உண்டு. இளைஞன் கருவி வழியாகவே இசைக்குள் வந்தவன், அது அவனுக்கு வாய்த்தது. என் அனுபவத்தில் அப்படி வந்தவர்களைவிட அங்கேயே நின்றுவிட்டவர்கள் அதிகம்.

எம்.டி.ஆர். கேசட் இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறது. அண்ணனிடமிருந்து சேட்டனுக்கு, அவரிடமிருந்து தோழிக்கு, போன ஞாயிறு என்னிடம் வந்தது. பெட்டிக்குள் இருந்த அட்டையில் நான் முன்பு எழுதியது இருக்கிறது: "இரண்டாம் பக்கம் முதல் பாட்டு. மாலை." அதற்குக் கீழே அண்ணனின் நேர்த்தியான எழுத்தில், "மாலை வேண்டாம். இரவு பத்துக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு." அதற்கும் கீழே சேட்டன் மலையாளத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "கேட்கும் முன் வேகம் பார்க்கவும். 3150." தோழி ஒன்றும் எழுதவில்லை. இரண்டாம் பக்கம் என்று நான் எழுதியதை மட்டும் அடித்துவிட்டு, முதல் பக்கம் என்று மாற்றியிருந்தாள். இன்று இரவு முதல் பக்கத்திலிருந்து கேட்கப்போகிறேன்.